தோட்டத்துக்கு முன்னும் பின்னும்

புனித அகுஸ்தினாரின் 'ஒப்புகைகள்' என்னும் நூலை ஒரு பக்கமேனும் புரட்டியிராதவர்களுக்கும் அதிலுள்ள ஒரு காட்சி தெரிந்திருக்கும். மிலான் நகரில் ஒரு தோட்டம். அத்திமரத்தின் அடியில் விழுந்து அழுதுகொண்டிருக்கிறார் முப்பத்தொரு வயதுடைய ஓர் ஆசிரியர். அண்டை வீட்டிலிருந்து, எடுத்துப் படிக்கும்படி திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு குழந்தையின் குரல் கேட்கிறது. ஓடிச்சென்று நூலைத் திறக்கிறார். கண்ணில் பட்ட முதல் பகுதியைப் படிக்கிறார். உள்ளத்தில் இருந்த ஐயத்தின் இருள் அந்த நொடியே விலகுகிறது. தியானப் பிரசங்கங்களில் இதனைக் கேளாத கத்தோலிக்கர் நம்மிடையே மிகச் சிலரே.

கேட்டு வீடு திரும்புகிறவர் செய்வது என்ன? கண்ணை மூடிக்கொண்டு திருவிவிலியத்தை விரிக்கிறார். விரல் பட்ட வசனத்தை, இறைவன் தமக்கென்றே அனுப்பிவைத்த விடையாகக் கொள்கிறார். மகளுக்கு வந்த வரன், மகனின் வெளிநாட்டு வேலை, நிலத் தகராறு, அறுவை சிகிச்சை என எல்லாவற்றுக்கும் இவ்வழியே விடை தேடும் குடும்பங்களை நான் அறிவேன். எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாய், தம் மகன் மருத்துவமனையில் கிடந்த நாள்களில் இவ்வாறே விரித்தார். கிடைத்தது 91ஆம் திருப்பாடல். தீங்கு அணுகாது என்னும் உறுதிமொழி அதில் உண்டு. ஒன்பதாம் நாள் அந்தப் பிள்ளையை அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் திருவிவிலியம் சிறு பீடத்தின் மேல் இருக்கிறது. அதனை எவரும் தொடுவதில்லை. "ஆண்டவர் சொன்னாரே, தம்பி" என்று ஒரு முறை அந்தத் தாய் என்னிடம் கூறினார். மறுமொழி சொல்ல எனக்கு வரவில்லை.

அந்த மறுமொழியைத் தேடியே 'ஒப்புகைகளை' மீண்டும் முதலிலிருந்து படித்தேன். அகுஸ்தினார் சபைத் துறவி ஒருவர் 2025ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் பதினான்காம் லியோ என்னும் பெயருடன் திருத்தந்தையானது முதல், இந்நூலைப் பற்றிய பேச்சு நம் வட்டங்களில் கூடியிருக்கிறது. நூலைப் படிப்பது கூடியிருக்கிறதா என்பது வேறு கேள்வி.

முதலில் அந்தத் தோட்டத்துக்கே செல்வோம். 386ஆம் ஆண்டு நிகழ்ந்ததாகிய அக்காட்சி, பதின்மூன்று பகுதிகள் கொண்ட நூலின் எட்டாம் பகுதியில் வருகிறது. அழுகையும் குரலும் வருவதற்குப் பல பத்திகளுக்கு முன்பே ஆசிரியர் ஒரு சிறு செய்தியை வைத்திருக்கிறார். பிரசங்கங்களில் அது வருவதே இல்லை. அரண்மனைப் பணியில் உயர்நிலையிலிருந்த பொந்திசியானுஸ் என்னும் ஆப்பிரிக்க நாட்டவர் அன்று அவர்கள் வீட்டுக்கு வருகிறார். எதிரே இருந்த விளையாட்டு மேசையின் மேல் ஒரு நூல் கிடக்கிறது. சொற்கலை கற்பிக்கும் ஆசிரியரின் வீடு ஆயிற்றே, அத்துறை நூலாகத்தான் இருக்கும் என எண்ணி எடுத்துப் பார்க்கிறார். பவுல் அடியாரின் திருமுகங்கள்! வியந்து, புன்முறுவலுடன் அகுஸ்தினாரை நோக்குகிறார். தாம் அவற்றை மிகுந்த அக்கறையோடு படித்து வருவதாக அகுஸ்தினார் அவரிடம் கூறுகிறார்.

ஆகவே தோட்டத்தில் திறக்கப்பட்டது எங்கிருந்தோ வந்து விழுந்த நூல் அன்று. பல நாள்களாகக் கையிலிருந்த நூல். அது முழுத் திருவிவிலியமும் அன்று. பவுலின் திருமுகங்கள் மட்டுமே. எந்தப் பக்கத்தை விரித்தாலும் அவர் ஏற்கெனவே ஒரு முறையேனும் போராடிப் பார்த்த பக்கமாகவே அது இருந்திருக்கும். விரிந்தது உரோமையர் திருமுகம், 13ஆம் அதிகாரத்தின் இறுதி வசனங்கள். களியாட்டத்தையும் காமத்தையும் களைந்துவிட்டுக் கிறிஸ்துவை அணிந்துகொள்ளுமாறு கேட்கும் பகுதி அது. இங்கே வாசகர் ஒரு நொடி நிற்க வேண்டும். அந்த வசனம் அகுஸ்தினாருக்கு எதையும் முன்னறிவிக்கவில்லை. எதையும் வாக்களிக்கவுமில்லை. வேலை நிலைக்குமா, தாயின் உடல்நலம் தேறுமா, பேசி வைத்த திருமணம் நடக்குமா என்னும் கேள்விகளுள் எதற்கும் அதில் விடை இல்லை. அது அவரிடமே ஒன்றைக் கேட்டது. அவர் பல ஆண்டுகளாகத் தர மறுத்து வந்த ஒன்றைக் கேட்டது. நாம் விரிக்கும்போது நமக்கு ஏதேனும் கிடைக்குமா என்று பார்க்கிறோம். அவர் விரித்தபோது அவரிடமிருந்ததைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அக்குரலைக் கேட்டவுடன் அவர் நினைவுக்கு வந்தவர், நாம் வனத்து அந்தோனியார் என்றழைக்கும் எகிப்து நாட்டுத் துறவி. அவரும் நூலை விரித்து விரலை வைத்தவர் அல்லர். கோவிலுக்குள் நுழையும்போது அங்கே வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்த நற்செய்தியைக் கேட்டவர். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லும் அப்பகுதி அன்று அங்கிருந்த எல்லார் காதிலும்தான் விழுந்தது. தமக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டவர் அவர். ஞாயிறு வாசகங்களைக் கேட்டுக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் நமக்கு, தோட்டத்துக் குரலைவிட இச்செய்தியே அதிகம் பயன்படும் என நினைக்கிறேன்.

இன்னொருவரும் அந்தத் தோட்டத்தில் இருந்தார். நண்பர் அலிப்பியுஸ். அகுஸ்தினார் படித்த இடத்தில் விரலையோ வேறோர் அடையாளத்தையோ வைத்து நூலை மூடிவிட்டார். மேலே படிக்க அவர் விரும்பவில்லை. அலிப்பியுஸ் நூலை வாங்கி அடுத்த வரியைப் படித்தார். நம்பிக்கையில் வலுவற்றவரை ஏற்றுக்கொள்ளுமாறு 14ஆம் அதிகாரம் தொடங்குகிறது. அது தம்மைப் பற்றியது என்றார் அவர். அழுகையும் இல்லை, குரலும் இல்லை. நண்பர் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து படித்தார், அவ்வளவே. இலக்கிய வரலாறு அகுஸ்தினாரின் பக்கம் நிற்கிறது. எனக்கோ, ஆண்டுகள் செல்லச் செல்ல, அலிப்பியுஸின் மேல் பற்று கூடுகிறது.

அகுஸ்தினாரின் மேல் பழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர் சொற்கலையைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். மரம், கண்ணீர், குரல், நூல் என ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, மேடைக் காட்சிபோல் அதனை அமைத்திருக்கிறார். இத்துணைத் திறமையாக எழுதாதிருந்தால், அக்காட்சி நூலிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டு இத்துணைத் தவறாகப் பயன்பட்டிருக்காது. ஆனால் தம் வாசகர் செய்யக்கூடியதை அவர் அறியாதவரும் அல்லர். 'ஒப்புகைகள்' 397ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்டுச் சில ஆண்டுகளில் முடிந்த நூல். ஏறத்தாழ அதே காலத்தில் யனுவாரியுஸ் என்பவருக்கு எழுதிய மடலில் (மடல்களின் வரிசையில் அது 55ஆவது) நற்செய்தி நூலின் பக்கங்களைக் கொண்டு குறி பார்க்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறார். பேய்களிடம் ஓடிக் கேட்பதைவிட அது மேல் என்று சற்றே இறங்கிக் கொடுக்கிறார். ஆயினும் மறுவாழ்வைக் குறித்துப் பேசும் இறைமொழிகளை இவ்வுலகக் காரியங்களுக்கும் வீண் கவலைகளுக்கும் திருப்புவது தமக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதிவிடுகிறார். தோட்டத்துக் காட்சியைச் சொல்லும் பிரசங்கிகள் இம்மடலையும் சேர்த்துச் சொன்னால் நலம். 91ஆம் திருப்பாடலின் உறுதிமொழியைத்தான் சோதிப்பவன் கோவிலின் உச்சியில் இயேசுவிடம் எடுத்துக் காட்டினான் என்பதையும் அவர்கள் சொல்லலாம். அதனை ஒரு தாயிடம் போய்ச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. பிரசங்கிகளுக்கு நினைவூட்டலாம்.

இனித் தோட்டத்துக்கு முன்னே செல்வோம். பத்தொன்பதாம் வயதில் சிசெரோவின் 'ஓர்த்தென்சியுஸ்' என்னும் நூலைப் படித்து, உண்மையைத் தேடும் தாகம் கொண்ட இளைஞர், அடுத்து எடுத்தது திருவிவிலியம். படித்தார், வைத்துவிட்டார். அந்நாளில் வழங்கிய இலத்தீன் மொழிபெயர்ப்புகளின் நடை கரடுமுரடானது. சிசெரோவின் கம்பீரத்தின் முன் அது நிற்கவில்லை. தாழ்ந்த வாயிலும் உயர்ந்த உட்புறமும் கொண்ட இடமாகத் திருவிவிலியத்தைப் பின்னாளில் அவர் உருவகிக்கிறார். குனிய மனமில்லாத இளைஞர் வெளியிலேயே நின்றுவிட்டார். நடை பார்த்துப் படிக்கும் பழக்கமுள்ள தமிழருக்கு இச்சங்கடம் புதிதன்று. 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு வந்தபோது பழைய ஓசைக்குப் பழகிய செவிகள் சில முணுமுணுத்தன. என் செவியும் அவற்றுள் ஒன்று.

திருவிவிலியத்தை வைத்துவிட்டவர் மானிக்கேயரிடம் போய்ச் சேர்ந்தார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர்களோடு இருந்தார். இங்கே நூல் மறைமுகமாகக் கற்பிப்பது ஒன்றுண்டு. திருவிவிலியத்தைப் படித்து ஒன்றும் கிடைக்காமல் மூடுவது பெரும் பாவமோ பெரும் அதிசயமோ அன்று. திருச்சபையின் மறைவல்லுநருள் ஒருவருக்கே முதல் வாசிப்பு தோல்வியில் முடிந்தது.

384ஆம் ஆண்டு மிலானுக்கு வந்தபின், ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகளைக் கேட்கச் செல்கிறார். பொருளுக்காகச் செல்லவில்லை, பேச்சுத் திறமையை எடைபோடச் செல்கிறார். சொல்லோடு சேர்ந்து பொருளும் உள்ளே நுழைந்துவிடுகிறது. மானிக்கேயர் ஏளனம் செய்த பழைய ஏற்பாட்டுப் பகுதிகளுக்கு இப்படியும் பொருளுண்டா என வியக்கிறார். தனியே கேட்க அவருக்கு ஆயிரம் கேள்விகள். ஆயருக்கோ நேரமில்லை, மக்கள் கூட்டம் அவரைச் சூழ்ந்திருக்கும். சற்று ஓய்வு கிடைத்தால் அவர் நூலைக் கையிலெடுத்து, குரலும் நாவும் அசையாமல், கண்களாலேயே படித்துக்கொண்டிருப்பார். அகுஸ்தினார் உள்ளே சென்று, நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்து, தொந்தரவு செய்ய மனமின்றித் திரும்பிவிடுவார். ஆறாம் பகுதியில் வரும் இக்காட்சி, தோட்டத்துக் காட்சியைவிட எனக்கு உயர்வானதாகத் தோன்றுகிறது. படிக்கும் மனிதர் ஒருவரை அருகிலிருந்து பார்ப்பதும் ஒரு கல்வி. தனியே கிடைக்காத விளக்கத்தை அவர் ஞாயிறுதோறும் மக்களோடு மக்களாக நின்று பெற்றுக்கொண்டார். திருவிவிலியத்தின் வழியே இறைவனை நெருங்க விரும்புகிறவருக்குக் கதவை மூடிய அறை ஒன்று போதும் என்னும் எண்ணத்துக்கு இந்நூலில் ஆதரவு இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு ஒருவர் நிற்கிறார். அம்புரோசியார், பொந்திசியானுஸ், அலிப்பியுஸ், அவர்களுக்கெல்லாம் முன்னும் பின்னுமாக மோனிக்கா.

தோட்டத்துக்குப் பின்? மனம் திரும்பியவருக்குத் திருவிவிலியம் முழுவதும் திறந்துவிட்டதா? இல்லை என்பதை அவரே பதிவு செய்கிறார். திருமுழுக்குக்கு ஆயத்தமாக எதைப் படிக்கலாம் என்று அம்புரோசியாருக்கு எழுதிக் கேட்டார். எசாயாவைப் படிக்கும்படி விடை வந்தது. தொடங்கினார், முதற்பகுதியே விளங்கவில்லை. முழுவதும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி, ஆண்டவரின் மொழியில் இன்னும் பழக்கம் ஏற்பட்டபின் படிக்கலாமென எடுத்துவைத்துவிட்டார். ஒன்பதாம் பகுதியில் இது ஒரே ஒரு பத்தி. ஆனால் படிக்க முயன்று சோர்ந்துபோன பொதுநிலையினர் எவருக்கும் இதனைவிட ஆறுதலான பத்தி வேறில்லை. ஆயர் பரிந்துரைத்த நூலை, புதிதாக மனம் திரும்பிய ஒருவர், புரியவில்லை என்று மூடிவைக்கிறார். குற்ற உணர்வு இல்லை, நடிப்பும் இல்லை. பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கிறார்.

அந்நாள்களில் அவருக்குத் திறந்தது திருப்பாடல்கள். காசிசியாகும் என்னும் ஊரில், நண்பர் ஒருவரின் பண்ணை வீட்டில், 4ஆம் திருப்பாடலைப் படித்ததை நீண்ட பக்கங்களில் விவரிக்கிறார். நூலின் மையம் எது என்று கேட்டால் நான் இதனையே காட்டுவேன். ஒரு வரியைப் படிக்கிறார், அஞ்சுகிறார். அடுத்ததைப் படிக்கிறார், நம்பிக்கையில் உள்ளம் சூடேறுகிறது. பொய்யை ஏன் நாடுகிறீர்கள் எனக் கேட்கும் இடத்தில், அந்தக் கேள்வி தமக்கானது என நடுங்குகிறார். சினம் பற்றிய வரியில் தம்மேலேயே சினம் கொள்ளக் கற்கிறார். கண்ணும் குரலும் மாறுகின்றன. மானிக்கேயர் தமக்குத் தெரியாமல் அருகில் நின்று இதனைக் கேட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என ஏங்குகிறார். இது குறி பார்த்தல் அன்று; உரையாடல். திருப்பாடல் ஒரு வரி பேசுகிறது, அவர் ஒரு வரி பேசுகிறார். செபத்தில் நாம் இறைவனோடு பேசுவதையும் வாசிப்பில் அவர் பேசக் கேட்பதையும் இணைக்கும் கருத்தை, 1965ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏடு அம்புரோசியாரிடமிருந்து எடுத்தாள்கிறது. அம்புரோசியாரின் மாணவர் அதனை இப்பக்கங்களில் செய்து காட்டியிருக்கிறார். 'ஒப்புகைகள்' முழுவதுமே 'நீர்' என்று இறைவனை விளித்து எழுதப்பட்டிருப்பதன் காரணமும் இதுவே. தன்வரலாறு என்று எண்ணி இதனை எடுக்கிறவர்கள் இந்த முன்னிலைப் பேச்சைத் தாண்டிக் கதையைத் தேடுகிறார்கள். திருப்பாடல்களைப் படித்துப் படித்து, தம் வாழ்வையே ஒரு திருப்பாடலாகச் சொல்லப் பழகியவரின் நூல் இது.

(அதே ஊரில் அவருக்குப் பேச முடியாத அளவு பல்வலி வந்ததையும், தமக்காகச் செபிக்கும்படி மெழுகுப் பலகையில் எழுதி நண்பர்களுக்குக் காட்டியதையும், உடனே வலி நீங்கியதையும் சொல்கிறார். அதனையும் மறைக்கக் கூடாதென்பதால் குறிப்பிடுகிறேன். அங்கும் பிறர்தாம் செபித்தார்கள்.)

387ஆம் ஆண்டு உயிர்ப்பு விழாவில் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டில் ஓஸ்தியாத் துறைமுகத்தில் மோனிக்கா இறந்தார். அந்த அறையில் நடந்ததை வாசகர் மெதுவாகப் படிக்க வேண்டும். மகன் அதேயோதாத்துஸ் வாய்விட்டு அலறுகிறான், மற்றவர்கள் அடக்குகிறார்கள். அகுஸ்தினாரோ தம் கண்ணீரை வலிந்து நிறுத்திக்கொள்கிறார். அப்போது எவோதியுஸ் என்னும் நண்பர் திருப்பாடல் நூலை எடுத்துப் பாடத் தொடங்குகிறார். நம் திருவிவிலியத்தில் அது 101ஆம் திருப்பாடல். வீட்டார் அனைவரும் பதில் பாடுகிறார்கள். நூலை எடுத்தவர் அகுஸ்தினார் அல்லர். எடுக்கும் நிலையில் அவர் இல்லை.

அந்தத் தாய்க்கு நான் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி, ஏதேனும் உண்டென்றால், இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. விளக்கம் அன்று. அவரால் எடுக்க முடியாத நூலை எடுத்து அவர் வீட்டில் நாங்கள் பாடியிருக்க வேண்டும். அடக்கம் முடிந்து ஏழாம் நாள் பூசைக்குப்பின் எங்களுள் எவரும் அந்த வீட்டுக்கு அதற்காகச் செல்லவில்லை. வசனம் ஏன் பொய்த்தது என்று விவாதித்துக்கொண்டிருந்தோம்.

வாசகர் பலர் ஒன்பதாம் பகுதியோடு நூலை மூடிவிடுகிறார்கள். கதை அங்கே முடிந்துவிடுகிறது என்பது உண்மை. பத்தாம் பகுதி நினைவாற்றலைப் பற்றியது. பதினொன்று முதல் பதின்மூன்று வரை, தொடக்கநூலின் முதல் அதிகாரத்துக்கு விளக்கம். ஓர் ஆயரின் வாழ்க்கை வரலாறு ஏன் படைப்பு வரலாற்றின் விளக்கவுரையாக முடிகிறது என்று அறிஞர்கள் பலவாறு கூறுவர். எனக்கு விடை எளிதாகப் படுகிறது: நூல் முதலிலிருந்தே ஒரு வாசகரின் கதை, ஆதலால் அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே முடிகிறது. மோசே இங்கிருந்தால் அவரைப் பிடித்துக்கொண்டு கேட்டிருப்பேனே என்று அங்கலாய்க்கிறார்; அவர் எபிரேயத்தில் பேசினால் தமக்குப் புரியாதே என்றும் ஒப்புக்கொள்கிறார். தொடக்கநூலின் முதல் வசனத்துக்குப் பலர் பலவகைப் பொருள் கூறும்போது, தம் பொருளே மோசேயின் பொருள் என்று பிடிவாதம் பிடிப்பவர்களைப் பன்னிரண்டாம் பகுதியில் கண்டிக்கிறார். உண்மை எவர்க்கும் தனியுடைமை அன்று என்பது அவர் வாதம். நம் அன்பியக் கூட்டங்களில் இப்பகுதியை உரக்கப் படிக்கலாம். பதின்மூன்றாம் பகுதியோ, வெளிப்படையாகச் சொன்னால், சோர்வு தருவது. மீனுக்கும் பறவைக்கும் கடலுக்கும் உள்ளுறை கண்டுகொண்டே போகிறார். சில இடங்களில் பின்தொடர்வது கடினம். ஆயினும் அதற்குள்ளே, வானவிரிவைத் தோலைப்போல நம்மேல் விரிக்கப்பட்ட திருநூலாகக் காணும் ஓர் உருவகம் வருகிறது. அந்நாளில் நூல்கள் தோலில் எழுதப்பட்டன என்பதை நினைவில் வைத்துப் படித்தால் அதன் அழகு புலப்படும். வானதூதருக்கு அந்நூல் தேவையில்லை; அவர்கள் இறைவனின் முகத்தையே நேரில் காண்கிறார்கள், அம்முகமே அவர்களுக்கு மூடப்படாத நூல். கீழே இருக்கும் நமக்குத்தான் எழுத்து வேண்டும்.

புதிதாகப் படிக்க விரும்புகிறவர் ஒன்பதாம் பகுதியிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. பிறகு ஆறாம் பகுதி. எட்டாம் பகுதியைக் கடைசியாக வைத்துக்கொள்ளட்டும்.

அகுஸ்தினாரின் இறுதி நாள்களை அவருடைய சீடரும் ஆயருமாகிய பொசிதியுஸ் எழுதி வைத்திருக்கிறார். 430ஆம் ஆண்டு ஹிப்போ நகரை வாந்தலர் படை முற்றுகையிட்டிருந்தது. முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் அகுஸ்தினார் காய்ச்சலில் விழுந்தார். தாவீதின் மனவருத்தத் திருப்பாடல்களை எழுதிப் படுக்கைக்கு எதிரே சுவரில் வைக்கச் சொன்னார். ஏறத்தாழப் பத்து நாள்கள், மருத்துவர் வரும் வேளையும் உணவு வரும் வேளையும் தவிர, எவரும் உள்ளே வரவேண்டாமெனக் கேட்டுக்கொண்டார். ஆகஸ்டு 28ஆம் நாள் இறந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடி வந்த அப்பாடல்கள் அவருக்கு மனப்பாடமாகவே இருந்திருக்கும். அவற்றை எழுதி வைக்கச் சொன்னது ஏன் என்று பொசிதியுஸ் விளக்கவில்லை. படுத்தபடியே சுவரைப் பார்த்துப் படித்தார், படித்து அழுதார் என்று மட்டும் எழுதியிருக்கிறார்.